கட்டடத்துக்கு முன்பே பதிவேடு: புலம்பெயர்ந்த பாலஸ்தீனர்களும் மரபுப் பாதுகாப்பும்

மேற்குக் கரையில், ரமல்லாவுக்கு வடக்கேயுள்ள பீர்சைத் ஊரில் 2016 மே 18 அன்று பாலஸ்தீன அருங்காட்சியகம் திறக்கப்பட்டபோது, உள்ளே காட்சிக்கு வைக்க ஒரு பொருளும் இருக்கவில்லை. டப்ளினைச் சேர்ந்த ஹெனகன் பெங் நிறுவனம் வடிவமைத்த அந்தக் கட்டடம், மலைச்சரிவின் படிவயல்களோடு ஒட்டி நிற்கும் அழகுக்காக 2019இல் ஆகா கான் கட்டடக்கலை விருதையும் பெற்றது. ஆனால் திறப்பு விழாவுக்கு வந்த வெளிநாட்டுச் செய்தியாளர்கள் வெற்றுச் சுவர்களைப் பற்றித்தான் எழுதினார்கள். பழைய துணிகளையும் தாள்களையும் பாதுகாக்கும் தொழிலில் வளைகுடாவில் பல ஆண்டுகளாக இருக்கும் எனக்கு அந்தக் கேலியில் உடன்பாடில்லை. கட்டடத்தைப் பணம் சில ஆண்டுகளில் எழுப்பிவிடும். பல நாடுகளில் சிதறிக் கிடக்கும் குடும்பங்களின் அலமாரிகளிலிருந்து பொருள்களையும், அவற்றைப் பற்றிய விவரங்களையும் திரட்டுவது அப்படி முடிகிற வேலையல்ல.

அந்த அருங்காட்சியகத்தைக் கட்டியது தஆவுன் என்ற அமைப்பு. பாலஸ்தீன, அரபுத் தொழிலதிபர்களும் அறிஞர்களும் 1983இல் ஜெனீவாவில் கூடி இதைத் தொடங்கினார்கள். அரபு வங்கியை நடத்திய அப்துல் மஜீத் ஷோமானும், பெய்ரூட்டில் சிசிசி என்ற பெரும் கட்டுமான நிறுவனத்தைக் கூட்டாளிகளோடு உருவாக்கிய ஹசீப் சப்பாகும் அதன் முன்னோடிகள். யாஃபாவில் பிறந்து குவைத்தில் கட்டுமானத் தொழிலில் உயர்ந்த அப்துல் முஹ்சின் அல்கத்தான் 1993இல் தம் பெயரில் தனியே ஓர் அறக்கட்டளையை நிறுவினார். ரமல்லாவில் இன்று நடக்கும் கலை, கல்விப் பணிகளில் கணிசமானவை அதன் வழியாக நடப்பவை. ஊரை இழந்த தலைமுறை தான் சம்பாதித்ததில் ஒரு பங்கை ஊருக்கே திருப்பியதன் வரலாறு இது. வளைகுடாவில் பாலஸ்தீனப் பொறியாளர்களோடும் மருத்துவர்களோடும் அன்றாடம் வேலை செய்யும் தமிழர்களில்கூட இதை அறிந்தவர்கள் குறைவு.

இந்தக் கொடையில் மிகுந்த பலன் தந்தவை பெயர்ப்பலகை மாட்ட முடிந்த பெரிய கட்டடங்கள் அல்ல என்பது என் கணிப்பு. யாரும் புகைப்படம் எடுக்க வராத வேலைகளே அதிகம் காத்திருக்கின்றன: கணக்கெடுப்பு, பட்டியல், பழுது பார்ப்பு, மேஸ்திரிகளுக்குப் பயிற்சி. எருசலேமின் பழைய நகரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சதுர கிலோமீட்டருக்கும் குறைவான அந்த மதிலுக்குள், எகிப்திலிருந்து ஆண்ட மம்லூக் சுல்தான்களின் காலத்து மதரசாக்களும் முற்றத்தைச் சுற்றி எழுந்த வீடுகளும் நெருக்கியடித்து நிற்கின்றன. அவற்றுக்குள் குடும்பங்கள் வாழ்ந்துகொண்டிருக்கின்றன. தஆவுன் 1990களின் நடுவில் அங்கே தொடங்கிய மறுசீரமைப்புத் திட்டம், நினைவுச்சின்னங்களோடு நின்றுவிடாமல் ஈரம் ஏறிய சுவர், ஒழுகும் கூரை, பொதுக் கழிவறை என்று குடியிருப்புகளுக்குள்ளும் நுழைந்தது. அதற்கு 2004இல் ஆகா கான் விருது கிடைத்தது. குடியிருப்பவர் வெளியேறினால் வீடும் கைவிட்டுப் போகும் என்ற நகரத்தில், கூரையை ஒழுகாமல் செய்வதே மரபுப் பாதுகாப்பின் முதல் படி.

இந்தப் பகுதியெங்கும் பழைய வீடுகளுக்கு நேரும் ஒரு சேதத்தை இங்கே சொல்ல வேண்டும். சுண்ணாம்புக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் ஈரத்தை உறிஞ்சி வெளியே விடக்கூடியவை. அவசரத்துக்கு யாரோ சிமென்ட் பூசிவிட்டால், உள்ளே ஏறிய ஈரம் வெளியேற வழியின்றிக் கல்லுக்குள்ளேயே தங்கி, அதில் கரைந்திருக்கும் உப்பு படிகமாகிக் கல்லின் முகத்தை உரித்துத் தள்ளுகிறது. பூச்சு மட்டும் உறுதியாக நிற்கும். பின்னால் கல் மாவாகிக்கொண்டிருக்கும். வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பி, ஊரிலுள்ள உறவினரிடம் தாத்தா வீட்டைச் சரிசெய்யச் சொல்லும் அன்பான பேரன்கள் இந்தச் சிமென்ட்டுக்குத்தான் பெரும்பாலும் பணம் கட்டுகிறார்கள்.

பணத்தைவிடத் தொழிலறிவைக் கொண்டுவந்து சேர்த்தவர்களில் சுஆத் அமீரி முக்கியமானவர். டமாஸ்கஸில் பிறந்து அம்மானில் வளர்ந்து, ரமல்லாவுக்குக் குடிவந்த கட்டடக்கலைஞரான அவர் 1991இல் ரிவாக் என்ற மையத்தைத் தொடங்கினார். 1994 முதல் 2007 வரை அந்த மையம் மேற்குக் கரை, எருசலேம், காசா ஆகிய பகுதிகளில் ஊர் ஊராகச் சென்று 50,320 பழைய கட்டடங்களைப் பதிவு செய்தது. அந்தப் பதிவேடு கையில் வந்த பிறகுதான் ஓர் உண்மை தெளிவானது: மிச்சமிருக்கும் பழைய கட்டடங்களில் ஏறத்தாழப் பாதி, சுமார் 50 கிராமங்களுக்குள் அடங்கிவிடுகிறது. எல்லா ஊர்களிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழிப்பதற்குப் பதில் அந்த 50 ஊர்களின் மையங்களை மீட்பது என்ற திட்டம் அதிலிருந்து பிறந்தது. பீர்சைத்தின் பழைய ஊர்மையத்தைச் சீரமைத்ததற்கு 2013இல் ஆகா கான் விருது கிடைத்ததற்கும் வேர் அந்தப் பதிவேட்டில்தான் இருக்கிறது.

பணக்காரராக இல்லாத புலம்பெயர்ந்தவரும் உதவக்கூடிய இடம் ஒன்று உண்டு, அது கையெழுத்து. கிராமத்துப் பழைய வீடு ஒன்றுக்கு மூன்று தலைமுறையில் பல வாரிசுகள் ஆகிவிடுகிறார்கள். ஒருவர் சிலியில் இருப்பார், இன்னொருவர் குவைத்தில், மற்றொருவர் சிகாகோவில். பெத்லகேம், பைத் ஜாலா வட்டாரத்திலிருந்து தென் அமெரிக்காவுக்குப் போன குடும்பங்களில் இது சாதாரணம். எல்லோருடைய ஒப்புதலும் இல்லாமல் எந்த அமைப்பும் அந்த வீட்டில் கை வைக்க முடியாது; கை வைக்காத வீடு மழைக்காலம்தோறும் சரிகிறது. சொத்துரிமையைக் கேட்காமல், குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஊர்ப் பொதுப் பயன்பாட்டுக்கு விட்டுக்கொடுத்தால் சீரமைத்துத் தருகிறோம் என்ற வகை உடன்படிக்கைகள் இதற்காகவே வந்தவை. அப்படியொரு கடிதம் வந்தால் அதைப் பங்காளிச் சண்டையின் தொடக்கமாகப் பார்க்காமல் படித்துப் பார்த்துக் கையெழுத்திடுவது, நன்கொடைக்கு நிகரான உதவி.

இனி என் மேசைக்கு வருகிறேன். பாலஸ்தீனப் பெண்கள் தம் கையாலேயே பூவேலை செய்து அணிந்த நீள அங்கியான தோப், ஒவ்வொரு வட்டாரத்துக்கும் தனி அடையாளம் கொண்டது. ரமல்லாப் பக்கத்தில் வெள்ளை லினன்மேல் சிவப்புக் குறுக்குத்தையல், பெத்லகேமில் பொன், வெள்ளிச் சரிகையைப் பதித்துத் தைத்த மார்புத்துண்டு, காசாப் பக்கத்தில் மஜ்தல் ஊர் நெசவாளர்களின் கருநீலத் துணி என்று பார்த்தவுடன் ஊர் சொல்லலாம். இந்தப் பூவேலையை, அதாவது தத்ரீஸை, யுனெஸ்கோ 2021இல் மனிதகுலத்தின் அருவக் கலாச்சார மரபுப் பட்டியலில் சேர்த்தது. துல்கரமில் பிறந்த விதாத் கவார் அம்மானில் வாழ்ந்தபடி ஆயுள் முழுதும் சேகரித்த அரபு ஆடைகள் 2,000க்கும் மேல். அவை இன்று அம்மானில் திராஸ் என்ற இல்லத்தில் இருக்கின்றன. அமெரிக்காவில் குடியேறிய பாலஸ்தீனப் பெண்கள் சேகரித்துவைத்திருந்த ஆடைத் தொகுப்பு ஒன்று பின்னர் பீர்சைத் அருங்காட்சியகத்துக்கே திரும்பி வந்தது.

என்னிடம் ஒருமுறை வந்த தோப்பின் உரிமையாளர் நல்ல நிலையிலிருக்கும் பொறியாளர்; அது தம் பாட்டியுடையது என்பதற்கு மேல் அவருக்கு எதுவும் தெரியாது. புரட்டிப் பார்த்தபோது மார்புத்துண்டு முழுதும் பட்டு நூல். சாயம் சற்று மங்கியிருந்தாலும் தையல் நெருக்கம் குலையவில்லை. கைகளிலோ பருத்தி நூல், அதுவும் ஆலையில் முறுக்கிய பளபளப்பு நூல். டிஎம்சி என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் பருத்தி நூல் 1930களிலிருந்து பட்டின் இடத்தைப் பிடித்ததால், அந்த இரண்டும் ஒரே காலத்துத் தையல் அல்ல என்பது புரிந்தது. மார்புத்துண்டின் ஓரங்களில் பழைய தையல் துளைகள் இருந்தன: தேய்ந்துபோன ஓர் ஆடையிலிருந்து வெட்டியெடுத்து, இந்தப் புதுத் துணியில் பொருத்தியிருக்கிறார்கள். அம்மானிலிருந்த அவருடைய வயதான அத்தையிடம் தொலைபேசியில் கேட்டபோதுதான் மீதி தெரியவந்தது. மார்புத்துண்டு கொள்ளுப்பாட்டியின் கல்யாண ஆடையிலிருந்து வந்தது. கைகள் அகதிகள் முகாமில் புதிதாகத் தைத்தவை. அத்தையிடம் கேட்காமல் விட்டிருந்தால் அது வெறும் அழகான பழைய துணி.

இப்படி ஆடை வைத்திருப்பவர்களுக்குத் தொழில்முறையில் நான் சொல்வது இதுதான். துவைக்காதீர்கள், டிரை கிளீனிங்குக்கும் கொடுக்காதீர்கள். பழைய சிவப்புச் சாயம் தண்ணீர் பட்டால் வெள்ளைத் துணியில் இறங்கிவிடும், பிறகு அதை எடுக்க முடியாது. ஹேங்கரில் தொங்கவிடாதீர்கள், பூவேலையின் கனத்தில் தோள் கிழியும். பிளாஸ்டிக் உறை ஈரத்தை அடைத்துவைக்கும் என்பதால், வெளுக்காத, கஞ்சி போக அலசிய பருத்தித் துணியில் தளர்வாகச் சுற்றி, மடிப்புக்குள் அமிலமில்லாத மெல்லிய தாளை உருட்டி வைத்து, ஆண்டுக்கு ஒருமுறை மடிப்பை மாற்றிப் போடுங்கள். சரிகை உள்ள துணிக்கு அருகே அந்துருண்டை வேண்டாம். சுவரில் கண்ணாடிச் சட்டமிட்டு வெயில் படும்படி மாட்டுவது அந்த ஆடையை அழிக்கும் மிக விலையுயர்ந்த வழி. தைத்தவர் பெயர், ஊர், எந்தக் கல்யாணத்துக்கு, பின்னால் எதை மாற்றினார்கள் என்பதைப் பருத்தி நாடாவில் பென்சிலால் சுருக்கமாக எழுதி இரண்டு தளர்ந்த தையலால் உட்புறம் பொருத்துங்கள்; விரிவாகச் சொல்லக்கூடிய பெரியவர் இருந்தால் அவர் குரலைப் பதிவு செய்யுங்கள். எதையும் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பீர்சைத் அருங்காட்சியகத்தின் எண்மக் காப்பகம் குடும்பங்களின் புகைப்படங்களையும் கடிதங்களையும் ஆவணங்களையும் வாங்கிப் படியெடுத்துவிட்டு, உரியவரிடமே திருப்பித் தருகிறது.

நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காசா காரணம். பழம்பெருமை வாய்ந்த அல்உமரி பெரிய மசூதி 2023 டிசம்பரில் இடிபாடானது. அதன் நூலகத்துச் சுவடிகளைப் படமெடுத்து வைக்கும் பணி போருக்கு முன்பே நடந்திருந்ததால், பக்கங்களின் உருவமாவது பிழைத்தது. காசாவின் கட்டுமானத் தொழிலதிபர் ஜவ்தத் கூதரி, அடித்தளம் தோண்டும்போது கிடைத்த தொல்பொருள்களைச் சேகரித்து, 2008இல் கடற்கரையில் சொந்தச் செலவில் ஓர் அருங்காட்சியகம் திறந்திருந்தார். அது போரில் சிதைந்தது. அவருடைய சேகரிப்பில் ஒரு பகுதி, காட்சிக்காக 2007இல் ஜெனீவாவுக்குப் போய், திரும்ப வழியில்லாமல் அங்கேயே தங்கிவிட்ட காரணத்தாலேயே தப்பித்தது. சேதமடைந்ததாக யுனெஸ்கோ சரிபார்த்த கலாச்சார இடங்கள் அங்கே நூற்றுக்கும் மேல்.

எருசலேமில் 1900இல் ராகிப் அல்காலிதி தம் தாயார் விட்டுச்சென்ற கொடையில் திறந்த காலிதி நூலகமும் இதே பாடத்தையே காட்டுகிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுவடிகள் கொண்ட அந்தக் குடும்ப நூலகம் இன்றுவரை நிலைத்திருப்பதற்கு, வெளிநாடுகளில் பேராசிரியர்களாகவும் ஆய்வாளர்களாகவும் இருக்கும் அக்குடும்பத்தினர் பட்டியலிடுவதற்கும் பழுது நீக்குவதற்கும் படியெடுப்பதற்கும் தொடர்ந்து ஆதரவு திரட்டியது முக்கியக் காரணம்.

நன்கொடை தர முன்வரும் அரபு நண்பர்கள் என்னிடம் எந்தத் திட்டத்தைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்பதுண்டு. திட்ட அறிக்கையில் பட்டியலாளரின் சம்பளம், சேமிப்பறையின் மின்கட்டணம், நகல்களை வேறொரு நாட்டில் வைத்திருக்கும் ஏற்பாடு ஆகிய மூன்றும் எந்தப் பக்கத்தில், எத்தனை ஆண்டுகளுக்கு என்று எழுதப்பட்டிருக்கின்றன எனப் பாருங்கள் என்கிறேன். திறப்பு விழாச் செலவு மட்டும் தெளிவாக இருந்து அந்த மூன்றும் இல்லாவிட்டால், காசோலையை எழுதுவதற்கு முன் அந்த வரிகளைச் சேர்க்கச் சொல்லி அறிக்கையைத் திருப்பி அனுப்பலாம்.