கொல்லைப்புறக் குளத்துச் சுவர் சரிந்தால் யார் செலவு?

கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை போன்ற ஊர்களில் பல வீடுகளின் கொல்லை முடியும் இடத்தில் குளமோ வாய்க்காலோ இருக்கும். அங்குள்ள தடுப்புச்சுவர் சரிந்தால் "பாதி நகராட்சி போடும்" என்பார்கள். அப்படித் தானாகப் பாதி வராது. சுவர் யார் நிலத்தில் நிற்கிறது என்பதுதான் முதல் கேள்வி.

நகர நில அளவைப் பதிவேட்டையும் புலப்படத்தையும் இணையத்திலேயே எடுக்கலாம். சுவர் உங்கள் பட்டாவுக்குள் இருந்தால் முழுச் செலவும் உங்களுடையது. அதில் பொதுப் பணம் போட முடியாது. சுவர் குளத்துப் புறம்போக்கிலோ வாய்க்கால் புறம்போக்கிலோ இருந்தால் 'நமக்கு நாமே' திட்டத்தில் கேட்கலாம். 1997-98இல் வந்த திட்டம் இது. 2021-22இல் மீண்டும் கொண்டுவரப்பட்டது. மதிப்பீட்டில் பொதுவாகக் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு மக்களுடையது, மீதி அரசுடையது; நீர்நிலைப் பணிக்குப் பங்கு எவ்வளவு என்று நகராட்சியில் கேட்டுக்கொள்ளுங்கள். மூன்றில் ஒரு பங்கு என்று வைத்தால், மதிப்பீடு 6 லட்சத்துக்கு உங்கள் பக்கம் 2 லட்சம். கரையோரம் நாலு வீடு சேர்ந்தால் ஆளுக்கு 50,000. ஊராட்சிகளில் ஆதிதிராவிடர் குடியிருப்புகளுக்கு ஐந்தில் ஒரு பங்கு போதும்.

சர்வே எண், சரிந்த நீளம், படங்களுடன் நகராட்சி ஆணையரிடம் மனு கொடுங்கள். பொறியாளர் அளந்து மதிப்பீடு போட்ட பிறகே பணம் கட்டுங்கள். ரொக்கமாக யார் கையிலும் தராதீர்கள்; கட்டியதற்கு ரசீது கட்டாயம் வேண்டும். வாய்க்கால் நீர்வளத் துறையுடையது என்றால் அவர்களின் தடையின்மைச் சான்று இல்லாமல் நகராட்சி கை வைக்காது. பல மனுக்கள் தூங்குவது இங்கேதான். கோயில் குளம் என்றால் அறநிலையத் துறையிடம் போக வேண்டும்.

மதிப்பீடு போட வரும்போது கூடவே நில்லுங்கள். நம் களிமண் கோடையில் பிளக்கும், மழையில் ஊதும். மழை நின்று குளத்துத் தண்ணீர் சட்டென்று இறங்கும்போது, சுவருக்குப் பின்னால் தேங்கிய நீர் மட்டும் அப்படியே நின்று முன்பக்கம் தள்ளும். அதனால் அந்த நீர் வடிய, சுவரில் 4 அங்குல பிவிசி குழாய், 3 அடிக்கு ஒன்று, வெளிப்பக்கம் சற்றே சரிவாக இருக்க வேண்டும். குழாயின் உள்வாயில் ஜல்லி அடைக்க வேண்டும். களிமண்ணையே போட்டு மூடினால் ஒரே மழையில் அடைத்துவிடும். வீட்டுக் குளியலறைத் தண்ணீரைச் சுவருக்குப் பின்னால் விடவே கூடாது. இன்னொன்று, தூர்வாரும்போது பொக்லைன் சுவரின் அடியை ஒட்டித் தோண்டினால் அஸ்திவாரம் அந்தரத்தில் நிற்கும். எவ்வளவு தள்ளித் தோண்டலாம் என்று பொறியாளரிடம் எழுதி வாங்குங்கள்.

பணம் கட்டியதால் அந்தக் கரையில் உங்களுக்கு எந்த உரிமையும் வராது. கழிவறையோ ஷெட்டோ போட்டால் ஆக்கிரமிப்புதான்.

மேட்டூர் அணையை வழக்கமாக ஜனவரி 28இல் மூடி ஜூன் 12இல் திறப்பார்கள். வாய்க்கால் காய்ந்திருக்கும் அந்த இடைவெளிக்குள் அஸ்திவாரம் முடிய வேண்டும். ஆகவே மனுவைத் தை மாதத்திலேயே கொடுத்துவிடுங்கள்; பங்குனியில் கொடுத்தால் டெண்டர் முடிவதற்குள் தண்ணீர் வந்துவிடும்.