மடைச் சாவி யார் வீட்டில் இருக்கிறது?

கண்மாய் மராமத்து வேலையில் இருபது வருஷத்துக்கு மேல் ஓட்டிவிட்டேன். கரையின் நீளம், மண்ணின் கனமீட்டர், மடைக்கு எத்தனை மூட்டை சிமெண்ட் என்று எல்லாமே எஸ்டிமேட்டில் வந்துவிடும். தண்ணீரை யார் திறந்து யாருக்கு விடுவது என்பதற்கு மட்டும் அதில் ஒரு வரிகூட இருக்காது.

சிவகங்கைப் பக்கம் ஒரு கண்மாய். பழைய மடை ஒழுகுகிறது என்று இடித்துவிட்டு, திருகு ஷட்டர் வைத்துக் கட்டினோம். முன்பு பழைய மடையைத் திறக்க, வயல்களுக்குத் தண்ணீர் பாய்ச்சும் ஊர் ஆளான நீர்பாய்ச்சி தண்ணீருக்குள் முங்கி அடைப்பைப் பிடுங்க வேண்டும். எந்த வயல் மேடு, எந்த வாய்க்கால் எங்கே உடையும், யாருடைய பயிர் பொதியில் நிற்கிறது, இன்று யார் முறை என்பதெல்லாம் அவருக்குத் தலைக்குள் இருந்தது. புது ஷட்டருக்கோ கழற்றி மாட்டும் ஒரு இரும்புச் சாவிதான். வேலை முடிந்த அன்று அதைப் பாசன விவசாயிகள் சங்கத் தலைவர் கையில் கொடுத்துப் போட்டோவும் எடுத்துக்கொண்டோம். தலைவருக்கு நிலம், தண்ணீர் முதலில் பாயும் தலைமடையில் இருப்பதை நாங்கள் யோசிக்கவில்லை.

அந்த வருஷம் கண்மாய் பாதிதான் பெருகியது. தலைமடையில் நெல் அறுத்தார்கள். கடைமடையில் கருகின பயிரில் மாட்டை அவிழ்த்துவிட்டார்கள். நீர்பாய்ச்சியிடம் கேட்டேன். "சாவி அங்கன இருக்கு சார், நான் எதை வச்சுப் பாய்ச்ச?" என்றார். தைக்குப் பிறகு அவர் திருப்பூருக்குப் போய்விட்டார்.

நீர்பாய்ச்சியை வடக்கே நீர்க்கட்டி என்பார்கள். பல ஊர்களில் இவர்கள் நிலமில்லாத தலித் குடும்பத்தினர். சொந்த வயல் இல்லாததால் எந்தப் பக்கமும் சாயமாட்டார்கள் என்பது ஊர்க் கணக்கு. தண்ணீர் குறைந்தால் ஆளுக்கு இத்தனை குழி நிலத்துக்கு என்று ஊர் பேசிவைத்ததை அவர் வாய்க்காலில் நிறைவேற்றுவார். இந்த ஏற்பாட்டை நான் கொண்டாடவில்லை. தண்ணீரைப் பங்கிடும் மனிதருக்குக் கூட்டத்தில் உட்கார இடம் இருக்காது. கூலி களத்தில் நெல்லாக வரும், அதுவும் சிலர் அளக்கும்போது மரக்கால் சுருங்கும். ஆனால் அந்த ஆளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இரும்பை வைத்தது எங்கள் தப்பு.

'அந்தக் காலத்தில் ஊரே கூடிக் குடிமராமத்து செய்தது' என்று மேடையில் பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். கண்மாயைச் செப்பனிடும் அந்த வேலைக்கு வராதவர்களைக் கட்டாயப்படுத்த 1858-லேயே சென்னை மாகாணத்தில் சட்டம் போட வேண்டியிருந்தது. இன்றைக்கு போர்வெல் வைத்திருப்பவருக்கு கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் தூர்ந்தாலும் அவசரமில்லை. மிஞ்சியிருப்பவர்கள்தான் மண்வெட்டி தூக்குகிறார்கள்.

தமிழ்நாட்டில் ஏரி, கண்மாய் என்று சுமார் 39,000 இருக்கின்றன. பல இடங்களில் அவை சங்கிலியாகத் தொடர்பவை. மேல்கண்மாய் நிரம்பி வழியும் மறுகால்தான் கீழ்க்கண்மாய்க்கு வரத்து. கொள்ளளவு கூடட்டும் என்று உபரித் தண்ணீர் வழியும் கலுங்கு ஒன்றை அரை அடி உயர்த்தினோம். கீழூர்க்காரர்கள் ராத்திரியோடு ராத்திரியாகக் கடப்பாரையோடு வந்துவிட்டார்கள். அவர்களை எப்படிக் குறை சொல்ல?

2000-ஆம் ஆண்டு விவசாயிகள் பாசன மேலாண்மைச் சட்டப்படி, ஆயக்கட்டில், அதாவது பாசனம் பெறும் பரப்பில், நிலம் உள்ளவர்கள்தான் சங்க உறுப்பினர்கள். பட்டா புருஷன் பேரில். களை எடுப்பதும் பகல் முறைக்கு வரப்பில் காவல் நிற்பதும் மனைவி. கூட்டத்துக்கு வருவது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

இப்போதெல்லாம் எஸ்டிமேட்டுக்கு முன்னால் கடைமடையிலிருந்து மேலே நடக்கிறேன். கடைசியாகத் தண்ணீர் வரும் வயல் எது என்றுதான் முதல் கேள்வி. கூட்டத்தைக் கோயில் மண்டபத்தில் போடுவதில்லை. எல்லோரும் சமமாக உட்காரக்கூடிய கரைமேட்டுப் புளியமரத்தடிதான். கீழூரிலிருந்து நாலு பேரையும் கூப்பிடச் சொல்லிவிடுவேன்.

அப்படி உட்கார்ந்து பேசிய ஒரு ஊரில் சாவி டீக்கடையில் எல்லார் கண்ணிலும் படும்படி தொங்குகிறது. எடுக்கிற உரிமை நீர்பாய்ச்சிக்கு மட்டும்தான். அவருக்கு மீன்பாசி ஏலப் பணத்திலிருந்து, அதாவது கண்மாயில் மீன் பிடிக்கும் உரிமையை ஏலம் விட்ட பணத்திலிருந்து, மாதச் சம்பளம். போன வருஷம் ஏலம் சரியாகப் போகாததால் இரண்டு மாதம் பாக்கி நிற்கிறது. அதைப் பேச வருகிற ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் புளியமரத்தடிக்கு என்னையும் வரச் சொல்லியிருக்கிறார்கள்.