மிளகு, கடுகு, ஒரு மஞ்சள் சார்ட்

"மார்கழியில ஏன் குளிருது?" நான்காம் வகுப்பில் இதைக் கேட்டால் பாதி வகுப்பு கை தூக்கும். பதில் மட்டும் ஒன்றுதான். "அப்போ சூரியன் ரொம்பத் தூரம் போயிடும், டீச்சர்." சித்திரையில் கிட்ட வந்துவிடுமாம், அதனால்தான் கத்திரி வெயிலாம்.

சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் இதைத்தான் போர்டில் எழுதிப்போட்டேன்.

உண்மை நேர்மாறானது. பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவதே ஜனவரி முதல் வாரத்தில்தான், நாம் போர்வையைத் தேடும் அதே மார்கழியில். அப்போது தூரம் சுமார் 14.7 கோடி கி.மீ. மிகத் தள்ளி இருப்பது ஜூலை முதல் வாரத்தில், 15.2 கோடி கி.மீ. பூமியின் பாதையைப் படங்களில் வெள்ளரிக்காய் மாதிரி நீட்டி வரைகிறோம். பக்கவாட்டில் சாய்த்துப் பார்ப்பதுபோல் வரைந்த படம் அது என்று பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை. உள்ளபடி வரைந்தால் அது காம்பஸில் போட்ட வட்டம் மாதிரிதான் தெரியும்.

காரணம் பூமியின் அச்சுக்கு இருக்கும் 23.5 பாகைச் சாய்வு. வகுப்பில் அதற்கு ஒரு டார்ச்சும் நோட்டும் போதும். நோட்டை நேராகப் பிடித்து டார்ச் அடித்தால் சின்ன, பளீர் வட்டம். நோட்டைச் சாய்த்தால் அதே வெளிச்சம் நீண்டு, மங்கி, பக்கம் முழுக்கப் பரவும். "இதுதான் மார்கழி வெயில்" என்றால் போதும், விளக்கம் தேவைப்படாது. போன வருடம் ஒரு பையன் சாய்ந்த வெளிச்சத்தில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, "அதான் டீச்சர், சாயங்கால வெயில் சுடல" என்றான். அதை நான் சொல்லித் தரவில்லை.

அடுத்த தொல்லை சுவரில் தொங்கும் சூரியக் குடும்பப் படம். எட்டுக் கோளும் பந்தியில் உட்கார்ந்த மாதிரி நெருக்கியடித்து இருக்கும். நான் வீட்டிலிருந்து மிளகு கொண்டு போவேன். ஒரு பெரிய மிளகு, 5 மி.மீ., அதுதான் பூமி. ஒரு சின்னக் கடுகு நிலா. இரண்டுக்கும் நடுவே எவ்வளவு இடம் என்று கேட்டால் ஒட்டி வைப்பார்கள், அல்லது ஒரு விரல் தள்ளி வைப்பார்கள். ஜாமெட்ரி பாக்ஸ் ஸ்கேல் முழுசாக, 15 செ.மீ. வைக்க வேண்டும். நிலாவுக்குப் போகும் வழியில் முப்பது பூமியை வரிசையாக அடுக்கலாம்.

சூரியன்? மஞ்சள் சார்ட்டில் 54 செ.மீ. வட்டம் வெட்டி ஒருவர் பிடித்துக்கொண்டு 60 மீட்டர் நடந்து போக வேண்டும். எங்கள் மைதானத்தில் அது எதிர்ச் சுவர். எலுமிச்சை அளவு வியாழனை வைக்க 300 மீட்டர், ஆகவே கேட்டைத் தாண்டித் தெருவுக்குப் போகணும். நெப்டியூனுக்கு ஒன்றே முக்கால் கிலோமீட்டர். அதைச் சொல்வதோடு சரி, நடக்க விடுவதில்லை.

"கோள் எட்டுன்னா, கோயில்ல ஏன் ஒன்பது?" என்ற கேள்வி எல்லா வருடமும் வரும். நழுவக் கூடாது. அந்த ஒன்பதில் சூரியனும் நிலாவும் உண்டு, பூமி இல்லை. வானத்தில் வெறும் கண்ணால் நகர்வது தெரிந்த ஏழும் ஞாயிறு முதல் சனி வரை கிழமைகளாகவும் இருக்கின்றன. யுரேனஸ் 1781-லும் நெப்டியூன் 1846-லும் தொலைநோக்கியில் சிக்கியவை, அதனால் அவற்றுக்குக் கிழமை கிடைக்கவில்லை.

பெற்றோருக்கும் ஒன்று. சூரியனை ஆராய இஸ்ரோ அனுப்பிய ஆதித்யா எல்-1 விண்கலம் சூரியனுக்கே போய்விட்டதாக வீட்டில் சொல்லிக்கொடுத்து அனுப்புகிறீர்கள். அது 2024 ஜனவரி 6-இல் போய்ச் சேர்ந்த இடம் இங்கிருந்து சுமார் 15 லட்சம் கி.மீ. மைதானத்தில் அதையும் அளந்தோம். மிளகிலிருந்து நான்கு ஸ்கேல். ஸ்கேலை நகர்த்தி வைத்த பெண் நிமிர்ந்து, எதிர்ச் சுவரோரம் மஞ்சள் சார்ட்டைப் பிடித்தபடி வெயிலில் நின்றவளைப் பார்த்தாள். "இவ்ளோதானா டீச்சர்? அவ அங்க நிக்கிறா!"