வீட்டுக்கடனை மாற்றித் தருவதாகச் சொன்ன வங்கி பின்வாங்கினால், செலவழித்த காசை யாரிடம் கேட்பது?

2022 கடைசியில் வீட்டுக்கடன் எடுத்தவர்கள் அந்த வட்டியை மறந்திருக்க மாட்டார்கள். வங்கிகள் தங்கள் முதன்மையான வாடிக்கையாளர்களுக்கே 27 வீதத்துக்குக் கிட்ட வட்டி போட்ட காலம் அது. 2023 ஜூனில் மத்திய வங்கி கொள்கை வட்டியைக் குறைக்கத் தொடங்கியதும் புதுக் கடன்களின் வட்டி இறங்கியது. நிலையான வட்டிக்குக் கையெழுத்து வைத்த பழைய கடன் இறங்கவில்லை. அதனால்தான் யாழ்ப்பாணத்தில் இப்போது பலர் ஒரு வங்கியில் இருக்கும் கடனை இன்னொரு வங்கிக்கு மாற்றப் பார்க்கிறார்கள். புது வங்கி பழைய வங்கியின் மிச்சத்தைக் கட்டி, உறுதியை (காணியின் உரிமைப் பத்திரத்தை) மீட்டு, தன் பெயரில் ஈடு (அடைமானம்) எழுதிக்கொள்ளும். மாதத் தவணை குறையும்.

சிக்கல் நடுவில் வருகிறது. புது வங்கி கடன் அனுமதிக் கடிதம் தருகிறது, நீங்கள் ஓடித்திரிந்து காசு செலவழிக்கிறீர்கள், கடைசியில் “முடியாது” என்று சொல்லிவிடுகிறார்கள். அந்தக் காசுக்கு யார் பொறுப்பு?

இலங்கையில் “கடனை விலக்கிக்கொண்டால் செலவைத் திருப்பிக் கொடு” என்று வங்கியைத் தானாகக் கட்டும் ஒற்றைச் சட்டம் கிடையாது. அதற்காகக் கேட்க வழியே இல்லை என்று நினைத்து விட்டுவிடவும் கூடாது. எந்தத் திகதிக்குப் பிறகு செலவழித்தீர்கள், என்ன காரணத்துக்காக விலக்கினார்கள் என்ற இரண்டையும் கையில் வைத்திருந்தால் கேட்கலாம்.

முதலில் செலவுகளைப் பிரித்துப் பாருங்கள். விண்ணப்பக் கட்டணம், வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளருக்கான காசு, வங்கியின் சட்டத்தரணி காணிப் பதிவகத்தில் தேடுதல் செய்து, காணி யாருக்குச் சொந்தம் என்று உரித்து அறிக்கை எழுதுவதற்கான காசு, மாநகர சபையிலோ பிரதேச சபையிலோ எடுக்கும் வீதிக்கோட்டுச் சான்றிதழ், சிலருக்குப் புது நில அளவைப் படம். எங்கள் பக்கத்தில் இதற்கு மேலும் சேரும். 1995 இடப்பெயர்வில் மூல உறுதி தொலைந்த வீடுகள் எத்தனையோ. அவர்கள் பதிவகத்தில் அத்தாட்சிப்படுத்திய பிரதி எடுக்க வேண்டும். காணி மனைவியின் சீதனம் என்றால் தேசவழமையின்படி (யாழ்ப்பாணத் தமிழரின் வழக்குச் சட்டம்) கணவனின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் ஈடு வைக்க முடியாது. 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச்சட்டம் அப்படிச் சொல்கிறது. கணவன் கனடாவில் என்றால் அற்றோணித் தத்துவம் (அவர் சார்பில் இங்கே ஒருவர் கையெழுத்து வைக்க அதிகாரம் தரும் பத்திரம்) ஒன்று வர வேண்டும், அதுவும் செலவு.

இவை எல்லாவற்றையும் வங்கியின் தலையில் கட்ட முடியாது. சோலைவரி (வீடு, காணிக்குச் சபைக்குக் கட்டும் வரி) நிலுவையைக் கட்டினீர்கள் என்றால் அது எப்படியும் நீங்கள் கட்ட வேண்டிய காசு. நில அளவைப் படம் உங்களுடையதாகவே இருக்கும், அடுத்த வங்கிக்கும் உதவும். அதைப் பட்டியலில் சேர்த்தால் மற்ற நியாயமான தொகைகளும் பலவீனப்படும். அந்த வங்கிக்காக மட்டும் செய்து வீணாய்ப்போன செலவை மட்டும் கேளுங்கள்.

இனித் திகதி. அனுமதிக் கடிதம் வருவதற்கு முன் செலவழித்த காசு பெரும்பாலும் உங்கள் துணிச்சலில் போனதுதான். “பாஸாகிவிடும், நீங்கள் வேலையைத் தொடங்குங்கோ” என்று கிளையில் வாயால் சொன்னதை நம்பிச் செய்ததும் அதில் அடங்கும். கடிதம் வந்து, அதன் அடியில் நீங்கள் சம்மதக் கையெழுத்து வைத்து, அதன் பிறகு வங்கி கேட்டதால் செய்த செலவுக்குத்தான் பலம் அதிகம். இலங்கையின் ரோமன் டச்சுச் சட்டத்தில் மனப்பூர்வமாகக் கொடுத்து ஏற்றுக்கொண்ட வாக்கு ஒப்பந்தமாகும். ஆனால் அந்தக் கடிதத்தில் “உரித்து, மதிப்பீடு திருப்தியாக இருந்தால்” என்ற நிபந்தனை பெரும்பாலும் இருக்கும். நிபந்தனை நிறைவேறாவிட்டால் வங்கி விலகலாம்.

ஆகவே காரணம்தான் முக்கியம். காணியில் யாரும் சொல்லாத வழக்கு ஒன்று இருந்தது, நீங்கள் வேறு கடனை மறைத்தீர்கள், சம்பளக் கடிதம் சரியில்லை என்றால் அந்தக் காசை மறந்துவிடுங்கள். வங்கி தன் கொள்கையை மாற்றியது, அந்த வகைக் கடனை நிறுத்தியது, கிளை தனக்கு இல்லாத அதிகாரத்தில் கடிதம் கொடுத்தது என்றால் அது அவர்கள் பக்கத்துப் பிழை. இவை இரண்டுக்கும் நடுவில் விழும் சம்பவங்களில்தான் அநேகம் பேர் தோற்றுப்போகிறார்கள். தோற்க வேண்டியதில்லை.

கொக்குவிலில் எனக்குத் தெரிந்த ரீச்சர் ஒருவர். இரண்டு பரப்புக் காணி, ஒழுங்கைக்குள் வீடு, பங்குக் கிணறு. உறுதியில் “வழிவாய்க்கால், கிணற்றுப் பங்கு உட்பட” என்று பழைய நொத்தாரிசு எழுதிவைத்திருக்கிறார். உறுதியின் பிரதி முதல் நாளே வங்கிக் கோவையில் இருந்தது. அனுமதிக் கடிதம் வந்தது. ரீச்சர் கையெழுத்து வைத்தார். மதிப்பீட்டாளர் நாடாவோடு வந்து கிணற்றடி வரை அளந்துகொண்டு போனார். சட்டத்தரணிக்கும் காசு கட்டியாகிவிட்டது. ஆறு கிழமை கழித்து ஒரு தொலைபேசி அழைப்பு: “தலைமையகம் ஓம் சொல்லேல்லை ரீச்சர். பாதை பொதுப் பாதை இல்லையாம், கிணறும் பங்காம்.”

பாதையும் கிணறும் அன்று முளைத்தவை அல்ல. முதல் நாள் கொடுத்த பிரதியின் இரண்டாம் பக்கத்தில் எழுத்தில் இருந்தவை. அதை வாசிக்காமல் கடிதம் கொடுத்து, அதன் பிறகு ஆளைச் செலவழிக்க விட்டது வங்கியின் கவனக்குறைவு. ரீச்சரின் வாதம் அவ்வளவுதான். “நீங்கள் கடன் தராவிட்டால் பரவாயில்லை, தெரிந்த விஷயத்தைக் கடிதம் தர முன்னமே சொல்லியிருக்கலாம்” என்று கேட்டார். விண்ணப்பக் கட்டணமும் மதிப்பீட்டுக் காசும் திரும்பி வந்தன. சட்டத்தரணியின் காசில் பாதிதான். நானென்றால் மற்றப் பாதிக்கும் இன்னொரு கடிதம் எழுதியிருப்பேன். ரீச்சருக்கு அலுத்துவிட்டது.

அவர் செய்த ஒரு நல்ல வேலை, தொலைபேசியில் சொன்னதோடு விடாமல் “எழுத்தில் தாங்கோ” என்று கேட்டது. காரணம் எழுத்தில் இல்லாவிட்டால் பிறகு அது மாறும். கேட்டும் தராவிட்டால், நீங்களே “இன்ன திகதி இன்ன நேரம் தொலைபேசியில் இந்தக் காரணம் சொன்னீர்கள்” என்று எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டை வைத்துக்கொள்ளுங்கள். அரச வங்கி என்றால் இன்னொரு வழியும் உண்டு: 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் உங்கள் சொந்தக் கோவையிலுள்ள காரணத்தையும் மதிப்பீட்டறிக்கையையும் கேட்கலாம். தகவல் அதிகாரி 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று தீர்மானிக்க வேண்டும்.

கடிதம் நீளமாக இருக்கத் தேவையில்லை. இப்படி எழுதினால் போதும்:

“தங்கள் கடன் அனுமதிக் கடிதத்தை இன்ன திகதியில் ஏற்றுக் கையெழுத்திட்டேன். அதன் பின் தங்கள் வங்கியின் வேண்டுகோளின்படி கீழ்க்காணும் செலவுகளைச் செய்தேன். இன்ன திகதியில் தாங்கள் கடனை விலக்கினீர்கள். தாங்கள் கூறிய காரணம், நான் விண்ணப்பத்துடன் ஒப்படைத்த ஆவணங்களிலேயே தெரிந்திருந்தது. ஆகவே இச் செலவுகளைத் திருப்பித் தருமாறு கேட்கிறேன். பற்றுச்சீட்டுகளின் பிரதிகள் இணைக்கப்பட்டுள்ளன.”

“எங்கள் குடும்பமே பாதிக்கப்பட்டது” போன்ற வரிகள் வேண்டாம். தமிழிலேயே எழுதுங்கள். 2011இல் மத்திய வங்கி வெளியிட்ட வாடிக்கையாளர் சாசனம், நிபந்தனைகளைச் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்பவற்றில் வாடிக்கையாளர் விரும்பும் மொழியில் வங்கி விளக்க வேண்டும் என்றது. உங்கள் அனுமதிக் கடிதம் ஆங்கிலத்தில் மட்டும் வந்திருந்து, கட்டண நிபந்தனையை யாரும் விளங்கப்படுத்தவில்லை என்றால் அதையும் ஒரு வரி சேருங்கள்.

கிளை முகாமையாளர் பதில் தராவிட்டால் அடுத்தது வங்கித் தலைமையகத்தின் முறைப்பாட்டுப் பிரிவு. இந்தப் படியைத் தாண்டாமல் மேலே போனால் திருப்பி அனுப்புவார்கள். அதற்குப் பிறகு இரண்டு இடங்கள் இருக்கின்றன. ஒன்று, மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களம். 1935 என்ற இலக்கத்தில் எடுக்கலாம். 2023 ஓகஸ்டில் வர்த்தமானியில் வந்த நிதியியல் நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகள் வந்தபின் இந்தத் திணைக்களத்தின் கை சற்று ஓங்கியிருக்கிறது. மற்றது, 2003 முதல் கொழும்பில் இயங்கும், வங்கிகள் மேலான முறைப்பாடுகளை விசாரிக்கும் நிதி ஒம்புட்ஸ்மன். அங்கே முறைப்பாட்டுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு இடத்திலும் “கடனைத் தரச் சொல்லுங்கள்” என்று எழுதாதீர்கள். கடன் கொடுப்பதா இல்லையா என்பது வங்கியின் வியாபாரத் தீர்மானம் என்று சொல்லி முடித்துவிடுவார்கள். செலவைப் பற்றி மட்டும் எழுதுங்கள்.

“வங்கி எந்நேரமும் காரணம் கூறாமல் விலகலாம்” என்ற வரி கடிதத்தில் இருந்தால் எல்லாம் முடிந்ததா? அப்படியில்லை. 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் சட்டம் இருக்கிறது. அச்சடித்து எல்லோருக்கும் கொடுக்கும் நிபந்தனை நியாயமானதா என்று நீதிமன்றம் பார்க்க அது இடம் தருகிறது. உண்மையைச் சொன்னால் ஐம்பது, அறுபதாயிரம் ரூபாவுக்கு மாவட்ட நீதிமன்றம் போவது காசைத் துரத்திக் காசை இழப்பது. சிறு தொகை என்றால் முதலில் மத்தியஸ்த சபைக்குத்தான் போக வேண்டியிருக்கும். அங்கே பேசித் தீர்ந்தால் நல்லது. ஆனாலும் காலத்தை மனதில் வையுங்கள்: காலாவதிக் கட்டளைச்சட்டத்தின்படி எழுத்து ஒப்பந்தத்தின் மேல் வழக்குக்கு 6 வருடம், கவனக்குறைவால் வந்த நட்டத்துக்கு 2 வருடம்.

இதற்கிடையில் லண்டனில் இருக்கும் தம்பி தொலைபேசியில் சொல்வதை இங்கே பொருத்திப் பார்க்காதீர்கள். அங்கே 2016 மார்ச்சிலிருந்து வீட்டு அடைமானச் சலுகை கடன் கொடுப்பவரைக் கட்டும். வாடிக்கையாளருக்கு யோசிக்கக் குறைந்தது 7 நாள் உண்டு. முறைப்பாட்டுக்குக் கம்பனி 8 வாரத்தில் இறுதிப் பதில் தர வேண்டும், அதிலிருந்து 6 மாதத்துக்குள் அவர்களின் ஒம்புட்ஸ்மனிடம் போகலாம். அது அந்த நாட்டுச் சட்டம். தம்பியின் வீட்டுக்கு அது, உங்கள் கொக்குவில் காணிக்கு இது.

ஒரு விஷயம் பலரும் தவறவிடுவது. ஈட்டு உறுதியில் கையெழுத்து வைத்து, நொத்தாரிசு அதைக் காணிப் பதிவகத்தில் பதிந்த பிறகு வங்கி காசை விடுவிக்காமல் விலகினால், உங்களுக்குக் கடனும் இல்லை, காணியின் மேல் ஈடும் இருக்கிறது. அடுத்த வங்கி தேடுதல் செய்யும்போது அந்த ஈடு தலைகாட்டும், அவர்களும் பின்வாங்குவார்கள். அதனால் செலவுக் கடிதத்திலேயே இரண்டாவது கோரிக்கையாக, ஈட்டை விடுவிக்கும் உறுதியை வங்கி தன் செலவில் எழுதிப் பதிந்து தர வேண்டும் என்று கேளுங்கள். “செய்தாச்சு” என்று சொன்னதை நம்பி விடாமல், ஒரு மாதம் கழித்துப் பதிவகத்துக்குப் போய் உங்கள் காணியின் பதிவேட்டுப் பக்கத்தில் விடுவிப்பு ஏறியிருக்கிறதா என்று நீங்களே பாருங்கள்.