அசையாத கல் ஏன் மின்னுகிறது?

சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "இடுப்பு வலி என்று கிளினிக்குக்குப் போனேன். ஸ்கேன் திரையில் ஓரிடம் மட்டும் சிவப்பும் நீலமுமாக மின்னியது. கிட்னியில் கல் என்றார் டாக்டர். ஓடும் ரத்தத்துக்குத்தானே நிறம் வரும்? கல் அசையாதே!"

சரியான கேள்வி. வெயிலில் வியர்த்துக் கொட்டி, தண்ணீரும் குறைத்தால் சிறுநீர் கெட்டியாகி உப்புகள் படிகமாகும். இது தெரிந்த கதை. எக்ஸ்ரே, கால்சியம் கல்லைக் காட்டும். யூரிக் அமிலக் கல்லைக் கோட்டைவிடும். சிடி ஸ்கேன் ஏறக்குறைய எல்லாக் கல்லையும் பிடித்துவிடும், ஆனால் கதிர்வீச்சு உண்டு. அல்ட்ராசவுண்டில் அந்தத் தொல்லை இல்லை. கல் வெள்ளையாகத் தெரியும், பின்னால் கறுப்பு நிழல் விழும். பொடிக் கல்லுக்கு நிழலும் சரியாக விழாது. அப்போதுதான் அதே அல்ட்ராசவுண்டில், ஓட்டத்துக்கு நிறம் காட்டும் டாப்ளரைப் போடுகிறார்கள்.

டாப்ளர் ஒரே இடத்துக்கு அடுத்தடுத்து ஒலித்துடிப்புகளை அனுப்பி, திரும்பும் எதிரொலிகளை ஒப்பிடும். மாற்றம் இருந்தால் ஏதோ நகர்கிறது என்று கணக்குப் போட்டு நிறம் பூசும். கல் நகரவில்லைதான். ஆனால் அதன் சொரசொரப்பான மேற்பரப்பின் விரிசல்களில், சோடா தம்ளரின் உட்சுவரில் ஒட்டுவது போல, நுண்குமிழிகள் ஒட்டிக்கிடக்கின்றன. ஒலி படும்போது அவை விரிந்து சுருங்கும், ஒவ்வொரு துடிப்புக்கும் ஒவ்வொரு மாதிரி. எதிரொலி தாறுமாறாகிறது, பாவம், கருவி குழம்பிப்போய்ச் சிவப்பையும் நீலத்தையும் கலந்தடிக்கிறது, பின்னால் ஒரு வால் வேறு!

1996இலேயே இந்த மினுக்கலைப் பதிவு செய்துவிட்டார்கள். குமிழிதான் காரணமா என்று சோதித்த விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அழுத்தம் கூடினால் குமிழி சுருங்கும், மினுக்கலும் அடங்க வேண்டும். அமெரிக்க ஆய்வாளர்கள் கல் உள்ளவர்களையே உயர் அழுத்த அறையில் வைத்து ஸ்கேன் செய்தார்கள், மினுக்கல் குறைந்தது. இந்த ஆய்வுகளுக்கு நாசாவின் ஆதரவும் உண்டு. விண்வெளியில் எலும்பிலிருந்து கால்சியம் கரைவதால் அங்கேயும் கல் வரலாம். சிடி கருவியை மேலே கொண்டுபோக முடியாது, அல்ட்ராசவுண்டுதான் கைகொடுக்கும். ராக்கெட்டுக்கு ஏன் இவ்வளவு காசு என்று கேட்பவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன்.

மினுக்கலை மட்டும் நம்பிவிட முடியாது. சுண்ணாம்பு படிந்த ரத்தக்குழாயும் மின்னும். அதனால் நிழல் விழுகிறதா, சிறுநீரகம் வீங்கியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். சந்தேகம் தீராவிட்டால் சிடி. வலியோடு காய்ச்சலும் நடுக்கமும் வந்தாலோ, சிறுநீர் நின்றுபோனாலோ, ஸ்கேன் தேதிக்குக் காத்திருக்காமல் நேரே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.