இரண்டு பீர், ஒரு குவார்ட்டர்

"ரெண்டு பீர்தாண்ணே. சரக்கைத் தொடவே இல்ல."

தஞ்சாவூரில் ஒரு ஆஸ்பத்திரி வார்டில், காறை எலும்பு முறிந்து தோளில் கட்டோடு படுத்திருந்த சித்தப்பா மகன் என்னிடம் சொன்னது இது. தை மாதம், கூட்டாளியின் கல்யாணத்துக்கு முதல் நாள் ராத்திரி. மண்டபத்துக்குப் பின்னால் நாலைந்து பேர் சேர்ந்து குடித்திருக்கிறார்கள். பதினோரு மணிக்கு பைக்கை எடுத்திருக்கிறான். சம்பா அறுவடை நேரத்தில் எங்கள் பக்கத்துச் சாலைகள் எப்படி இருக்கும் என்று டெல்டாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாதிச் சாலை களமாகிவிடும். காய வைத்த நெல்லைக் குவித்து, தார்ப்பாய் போர்த்தி, வண்டி ஏறாமல் இருக்க ஓரத்தில் வரிசையாகக் கல் வைத்திருப்பார்கள். தினமும் போய் வரும் சாலைதான். அன்றைக்கு அந்தக் கல் அவன் கண்ணில் படவில்லை.

அவன் பொய் சொல்லவில்லை. பிராந்தி, விஸ்கி எதுவும் இல்லை. இரண்டு பாட்டில் ஸ்ட்ராங் பீர் மட்டும்தான். பீர் கணக்கில் சேராது என்று மனதார நம்புகிறான். இத்தனைக்கும் அவன் அண்ணனுக்குத் தொழிலே அதுதான். பதினோரு வருடமாக நான் பெங்களூரில் ஒரு மைக்ரோபிரூவரியில் பீர் காய்ச்சுகிறேன். (ஊரில் யாராவது கேட்டால் அம்மா "ஃபுட் கம்பெனியில இருக்கான்" என்று சொல்லிச் சமாளிப்பார்.)

மாத்திரைச் சீட்டின் பின்பக்கத்தில் அவனுக்குக் கணக்குப் போட்டுக் காட்டினேன். ஒரு பாட்டில் பீர் 650 மில்லி. லேபிளில் 8 சதவீதத்தைத் தாண்டாது என்று போட்டிருக்கும். 8 என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் அந்தப் பாட்டிலுக்குள் இருக்கும் சுத்தமான ஆல்கஹால் 52 மில்லி. அடுத்து பிராந்தி. அது 42.8 சதவீதம். ஒரு லார்ஜ் 60 மில்லி, அதில் ஆல்கஹால் 26 மில்லிக்குக் கொஞ்சம் குறைவு. ஆக, ஒரு ஸ்ட்ராங் பீர் என்பது இரண்டு லார்ஜ். இரண்டு பீர் என்றால் 104 மில்லி ஆல்கஹால். 180 மில்லி குவார்ட்டர் பாட்டில் முழுவதையும் கவிழ்த்தால்கூட 77 மில்லிதான் வரும்.

"நீ குவார்ட்டருக்கு மேலேயே குடிச்சிருக்கேடா" என்றேன். அவன் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிராந்தியில் நாம் தண்ணீர் ஊற்றிக் குடிக்கிறோம். பீரில் தண்ணீரை நாங்களே ஊற்றித் தருகிறோம். வேறு வித்தியாசம் ஒன்றும் இல்லை.

பீருக்கு "லைட்" என்ற பெயர் வந்ததற்கு நியாயமான காரணம் ஒரு காலத்தில் இருந்தது. எங்கள் தாத்தா காலத்தில் குடி என்றால் கள், இல்லாவிட்டால் சாராயம். மரத்திலிருந்து இறக்கும்போது கள் வெறும் இனிப்புச் சாறுதான். காற்றிலும் பாளையிலும் பானையிலும் இருக்கிற ஈஸ்ட் அதைப் புளிக்க வைத்து, சாயங்காலத்துக்குள் நாலு சதவீதம் வரை கொண்டுபோகும். சாதாரண பீரும் அந்த அளவுதான். 1987-இல் தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை வந்தது. 2003-இல் சில்லறை விற்பனை மொத்தமும் டாஸ்மாக் கைக்குப் போனது. கள்ளுக்கு இருந்த "வயித்துக்கு நல்லது, குளிர்ச்சி" என்ற பெயர் மட்டும் அப்படியே பீர் பாட்டிலில் வந்து ஒட்டிக்கொண்டது.

ஆனால் பாட்டிலுக்குள் இருந்தது மாறிவிட்டது. உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி 5 சதவீதம் வரை சாதாரண பீர், அதைத் தாண்டி 8 வரை ஸ்ட்ராங். வாங்குகிறவர் பார்ப்பது ஒன்றே ஒன்று: ஏறக்குறைய அதே காசுக்கு எதில் ஏறும்? இன்று இந்தியாவில் விற்கிற பீரில் பெரும்பகுதி ஸ்ட்ராங்தான். லைட் என்று நினைத்துக் கையை நீட்டினால் கடைக்காரர் எடுத்து வைப்பது பெரும்பாலும் 8-ஆகத்தான் இருக்கும்.

எங்கள் தொழில் எப்படி இந்தப் பக்கம் வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தென்னிந்தியாவில் பீர் வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்காக வந்த சரக்கு. 1915-இல் தாமஸ் லீஷ்மன் இங்கே இருந்த ஐந்து பிரூவரிகளை ஒன்றாக்கி யுனைடெட் புரூவரீஸை உண்டாக்கினார். பெங்களூர் பீர் ஊர் ஆனதற்கு அது ஒரு காரணம். 2009-இல் புனேயில் டூலாலி என்ற மைக்ரோபிரூவரி திறந்தது. அடுத்த ஒன்றிரண்டு வருடங்களில் பெங்களூரு இந்திராநகரில் டாய்ட். அப்புறம் தெருவுக்குத் தெரு. கடைக்குள்ளேயே டேங்க் வைத்துக் காய்ச்சி, அங்கேயே குழாயில் பிடித்துக் கொடுப்பதுதான் மைக்ரோபிரூவரி. நான் சேர்ந்த இடமும் அந்த அலையில் வந்ததுதான்: ஆயிரம் லிட்டர் டேங்க் நாலு, ஆள் மூன்று பேர்.

எப்படிக் காய்ச்சுவது என்று கேட்பவர்களுக்கு நான் நாற்றங்காலை வைத்துத்தான் விளக்குவேன். விதைநெல்லை ஒரு நாள் ஊற வைத்து, வடித்து, சாக்கில் கட்டி மூட்டம் போட்டு வைப்போம் அல்லவா? மறுநாள் சாக்கைப் பிரித்தால் கதகதவென்று சூடு அடிக்கும், வெள்ளை முளை எட்டிப் பார்க்கும். பார்லியையும் அதே மாதிரி ஊற வைத்து முளை கட்டுவார்கள். விதைக்கிறதுக்குப் பதிலாக உலர்த்தி முளையை நிறுத்திவிட்டால் அதுதான் மால்ட். முளை விடும்போது மணிக்குள் நொதிகள் உண்டாகியிருக்கும். மால்ட்டை உடைத்து 65 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் போட்டு வைத்தால் அந்த நொதிகள் மாவைச் சர்க்கரையாக்கிவிடும். அந்த இனிப்பு நீரை வடித்து, ஹாப்ஸ் என்கிற கசப்புப் பூவைப் போட்டுக் கொதிக்க வைத்து, ஆற்றி, ஈஸ்ட் சேர்த்தால், ஒரு வாரம் பத்து நாளில் பீர்.

ஆயிரம் லிட்டர் புளிக்கும்போது கிட்டத்தட்ட 40 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியே வரும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், காலி டேங்க்தானே என்று கழுவுவதற்காகக் கீழ்வாசல் வழியாகத் தலையை உள்ளே விட்டேன். மூக்கில் ஊசி குத்தியது போல ஒரு எரிச்சல், அடுத்த நொடி கண் இருட்டியது. சீனியர் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துப் போட்டார். பீர் போன பிறகும் வாயு கீழே தேங்கி நிற்கும், காற்றைவிட கனம். புழங்காத பழைய கிணற்றில் தூர் எடுக்க இறங்குகிறவர்களுக்கும் இதே ஆபத்துதான். டேங்கோ கிணறோ, காற்றைச் சோதிக்காமல் தலையை விடாதீர்கள்.

சரி, எங்கள் பீர்கள். கோதுமை பீர் ஒன்று உண்டு, மோந்து பார்த்தால் பழுத்த பூவன் தார் பக்கத்தில் நிற்கிற மாதிரி இருக்கும். வாழைப்பழமே சேர்ப்பதில்லை, அந்த ஈஸ்ட் கொடுக்கும் வாசனை அது. கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் இடித்துப் போட்ட பெல்ஜியம் வகை ஒன்று. அப்புறம் ஸ்டௌட், கன்னங்கரேல் என்று இருக்கும். இதைப் பார்த்ததும் "இதுதான் ரொம்ப ஸ்ட்ராங்கா?" என்று கேட்காத ஆளே கிடையாது. கும்பகோணத்தில் காபிக்கொட்டை வறுக்கிற கடைக்கு முன்னால் நின்றவர்களுக்குப் பதில் தெரியும்: அதிகம் வறுத்தால் கறுக்கும். கறுப்புக்கும் ஆல்கஹாலுக்கும் சம்பந்தமே இல்லை. எங்கள் ஸ்டௌட் நாலரை சதவீதம். தங்க நிறத்தில் மின்னுகிற பாட்டில் பீர் எட்டு.

ஒரு முறை ஊரிலிருந்து சீரகச் சம்பா அரிசி பத்துக் கிலோ கொண்டுபோய், சோதனைக்குச் சின்ன அளவில் அரிசி பீர் போட்டேன். உடைத்து நேராக மால்ட்டோடு கொட்டினேன். அரிசி மாவு வேக பார்லியைவிட அதிகச் சூடு வேண்டும். வடிகட்ட உதவும் உமியும் அரிசியில் கிடையாது. ஒரு மணி நேரத்தில் கஞ்சி அடைத்துக்கொண்டு ஒரு சொட்டு இறங்கவில்லை. "பொங்கல் கிண்டச் சொன்னேனா?" என்று சீனியர் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. அடுத்த முறை அரிசியைத் தனியாகக் குழையக் காய்ச்சி, ஆற வைத்து மால்ட்டில் சேர்த்தேன். கெட்டிக் கஞ்சி இருபது நிமிடத்தில் தண்ணீராக இளகி ஓடியது. பார்க்க ஆசையாக இருந்தது. சீரகச் சம்பா வாசனையோ கொதியிலேயே போய்விட்டது.

தரங்கம்பாடிக்கும் பீருக்கும் ஒரு தூரத்து உறவு இருக்கிறது. 1620 முதல் அங்கே இருந்த டென்மார்க்காரர்கள் 1845-இல் ஊரை ஆங்கிலேயர்களுக்கு விற்றுவிட்டுப் போனார்கள். இரண்டு வருடம் கழித்து, கோபன்ஹேகனுக்கு வெளியே கார்ல்ஸ்பெர்க் பிரூவரி தொடங்கியது. 1883-இல் அதன் ஆய்வுக்கூடத்தில் எமில் ஹான்சன் ஒற்றை ஈஸ்ட் செல்லைப் பிரித்து வளர்த்துக் காட்டினார். அதற்கு முன் பீரில் எந்தெந்த ஈஸ்ட் கலந்திருக்கிறது என்று தெரியாது. அதே ஆய்வுக்கூடத்தில்தான் 1909-இல் சோரன்சன், அமிலமா காரமா என்று காட்டும் பி.எச். அளவையைக் கொண்டுவந்தார். மண் பரிசோதனை அட்டையில் அமில மண்ணா களர் மண்ணா என்று பார்க்க நம் விவசாயிகள் தேடும் அந்த எண், பீர் காய்ச்சியவர்கள் வீட்டிலிருந்து வந்தது.

இவ்வளவு ஆசையாகச் சொல்கிறவன், "அப்போ உங்க பீர் நல்லது, பாட்டில் பீர்தான் கெடுதல்" என்று ஒருவர் சொன்னால் தலையாட்ட வேண்டும். முடியவில்லை. புதிதாகக் காய்ச்சியது, பதப்படுத்தாதது எல்லாம் ருசிக்குத்தான். கல்லீரலுக்குப் போய்ச் சேர்வது அதே ஆல்கஹால். சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1988-லேயே மதுவைப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பட்டியலில் சேர்த்துவிட்டது. பீருக்கென்று விலக்கு இல்லை. பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்று 2023-இல் உலக சுகாதார நிறுவனமும் சொல்லிவிட்டது.

பாட்டில் பீரில் கிளிசரின் இருக்கிறது என்பார்கள், தண்ணீர் கிளாஸில் பாட்டிலைக் கவிழ்த்துக் காட்டுவார்கள். கீழே இறங்குவது பீரேதான். மிச்சச் சர்க்கரை இருப்பதால் தண்ணீரைவிடக் கொஞ்சம் கனம். மறுநாள் தலைவலிக்கு கிளிசரினைத் தேட வேண்டாம், 52 மில்லியைப் பாருங்கள்.

கிட்னி கல் விஷயத்துக்கு வருகிறேன். போன பொங்கலுக்குச் சித்தப்பாவே கேட்டார்: "தம்பி, பீர் அடிச்சா கல்லு கரைஞ்சிடும்ல? நீ சொன்னா நம்புவேன்." கரையாது. பெரும்பாலான கற்கள் கால்சியம் ஆக்ஸலேட்; அதைக் கரைக்க பீரில் எதுவும் இல்லை. சிறுநீர் அதிகம் போவது உண்மை. ஆல்கஹால், தண்ணீரைப் பிடித்து வைக்கும் ஹார்மோனை அடக்குகிறது, அதனால் உடம்பில் இருக்கிற நீரும் சேர்ந்து வெளியேறுகிறது. கடைசியில் உடம்பு வறண்டு சிறுநீர் கெட்டிப்படும். பீரில் உள்ள பியூரின் என்ற பொருள் யூரிக் அமிலத்தையும் ஏற்றிவிடும், அது இன்னொரு வகைக் கல்லுக்கு வழி. 5 மில்லிமீட்டருக்குக் கீழே உள்ள கல் பெரும்பாலும் தானாகவே இறங்கிவிடும், அந்த வாரம் பீர் குடித்தவர் பீருக்கு நன்றி சொல்வார். கல் குழாயை அடைத்துக்கொண்டு நிற்கும்போது குடித்தால் பின்னால் சிறுநீர் தேங்கி, கிட்னி வீங்கி, வலி உயிர் போகும். தண்ணீர் குடியுங்கள், ஸ்கேன் எடுங்கள்.

வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இன்னொரு கணக்கு. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலைத் தாண்டினால் குற்றம், முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் வரலாம். 60 கிலோ எடையுள்ள ஆள் வெறும் வயிற்றில் எங்கள் கடையின் 330 மில்லி கிளாஸ் ஒன்றைக் குடித்தாலே அந்த எல்லையைத் தொட்டுவிடுவார். ஸ்ட்ராங் பீர் ஒரு பாட்டிலில் இருப்பது அதைப் போல மூன்று மடங்கு. உடம்பு மணிக்கு ஏழிலிருந்து பத்து கிராம்தான் கழிக்கும். தம்பி குடித்தது 82 கிராம். எட்டு மணி நேரத்துக்குக் குறையாது. மோரும் எலுமிச்சம்பழமும் இதை வேகப்படுத்தாது. ஞாயிற்றுக்கிழமை நாகப்பட்டினத்திலிருந்து வாஞ்சூர் தாண்டி, மயிலாடுதுறை பக்கத்திலிருந்து நண்டலாறு தாண்டி, விலை குறைவு என்று காரைக்கால் போய் "பீர்தான்" குடித்துவிட்டு பைக்கில் திரும்புகிற பையன்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கணக்குதான் ஓடும். அங்கே 18 வயதிலேயே வாங்கலாம், இங்கே 21. சாலைக்கு இந்த வயது வித்தியாசமெல்லாம் தெரியாது.

ஊரிலிருந்து கிளம்புவதற்கு முதல் நாள் சித்தப்பாவோடு வயலுக்குப் போனேன். அறுத்த தாளுக்கு நடுவே உளுந்து இரண்டு இலை விட்டிருந்தது. வரப்போரம் காலி பீர் பாட்டில் ஒன்று கிடந்தது, உடையாமல். உடைந்திருந்தால் அடுத்த நடவில் யாராவது ஒரு பெண்ணின் பாதம். எடுத்து லேபிளைத் துடைத்து அவரிடம் நீட்டினேன். கண்ணாடி இல்லாததால் கையைத் தள்ளிப் பிடித்துப் படித்தார்.

"எட்டா? நான் அஞ்சுன்னுல்ல நெனச்சிருந்தேன்."

"எட்டு, சித்தப்பா."

"அப்ப பாதி பாட்டில்னா?"

"ஒரு லார்ஜ்."

பாட்டிலைத் துண்டில் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்தார். மோட்டார் கொட்டகை வருகிற வரைக்கும் விரல்விட்டு எதையோ கூட்டிக்கொண்டே வந்தார். நான் கேட்கவில்லை.