பழைய முகவரி திரும்பி வந்தது எப்படி?

அல்சூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "வீடு மாறியதும் செயலியில் முகவரியைத் திருத்தினேன். என் கைப்பேசியில் புதிய முகவரி வருகிறது. அதே கணக்கை மனைவியின் கைப்பேசியில் திறந்தால் பழைய சிவாஜிநகர் முகவரியே தெரிகிறது. ஏன்?"

அடிக்கடி கேட்கப்படும் தகவலைத் தரவுத்தளத்திலிருந்து ஒவ்வொரு முறையும் எடுக்காமல், பல கேஷ் (தற்காலிகச் சேமிப்பு) சர்வர்களின் நினைவகத்தில் பிரதிகளாக வைப்பது வழக்கம். தகவல் மாறினால் தரவுத்தளத்தைத் திருத்திவிட்டு, பிரதிகளை அழிக்கச் சொல்வார்கள். பிரதிகளைத் திருத்துவதைவிட அழிப்பதே பாதுகாப்பானது. இரண்டு திருத்தங்கள் முன்பின்னாக வந்து சேர்ந்தால் தவறானது நிலைத்துவிடும், ஆனால் அழிப்பு ஆணை எத்தனை முறை வந்தாலும் விளைவு ஒன்றுதான்.

இதிலும் ஓர் ஓட்டை உண்டு. மனைவியின் கைப்பேசி முகவரியைக் கேட்கிறது; கேஷில் இல்லாததால், சர்வர் தரவுத்தளத்திலிருந்து 'சிவாஜிநகர்' என்று படிக்கிறது. படித்ததைக் கேஷில் வைப்பதற்குள் சில மில்லிவினாடிகள் தாமதமாகிறது. அந்த இடைவெளியில் கணவர் 'அல்சூர்' என்று மாற்றுகிறார். அழிப்பு ஆணை கேஷுக்கு வருகிறது, ஆனால் அங்கே அழிக்க எதுவுமில்லை. ஆணை வந்துபோன பிறகு, தாமதித்த 'சிவாஜிநகர்' கேஷில் வந்து அமர்ந்துகொள்கிறது. அந்தப் பிரதிக்கு வைத்த காலக்கெடு முடியும்வரை அதை வெளியேற்ற யாரும் வரப்போவதில்லை.

ஃபேஸ்புக் பொறியாளர்கள் 2013-இல் மெம்கேஷ் என்ற தங்கள் கேஷ் அமைப்பைப் பற்றி வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் இதற்கான தீர்வு இருக்கிறது. அதன் பெயர் லீஸ். தேடிய பொருள் இல்லாதபோது, கேஷ் வெறுமனே 'இல்லை' என்று சொல்லாமல், அந்தப் பொருளுக்கென ஒரு 64 பிட் எண்ணை டோக்கனாகக் கொடுத்தனுப்புகிறது. திரும்பி வந்து மதிப்பை வைப்பவர் அந்த டோக்கனைக் காட்ட வேண்டும். இடையில் அழிப்பு ஆணை வந்திருந்தால் டோக்கன் செல்லாததாகிவிடும். பழைய 'சிவாஜிநகர்' வாசலிலேயே திருப்பியனுப்பப்படும். அழிக்க ஒன்றும் இல்லாத இடத்துக்கு வந்த ஆணைகூட வீணாகாமல், இனி வரவிருக்கும் தவறைத் தடுத்துவிடுகிறது என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பாக இருக்கிறது. கடிகாரங்களை ஒப்பிடவில்லை, எவரையும் பூட்டி வைக்கவில்லை. ஓர் எண் மட்டும் போதுமானதாக இருக்கிறது.

அதே டோக்கனை ஒரு பொருளுக்கு 10 வினாடிக்கு ஒருமுறைதான் தருவது, மற்றவர்கள் சற்றுக் காத்திருப்பது என்று வைத்ததில், ஒரே நேரத்தில் பலர் கேட்டு நெரிசலுக்கு ஆளாகும் பொருள்களுக்காகத் தரவுத்தளத்தில் வினாடிக்கு 17,000 வரை எழுந்த கேள்விகள் 1,300 ஆகக் குறைந்தனவாம். கேஷ்களின் ஒத்திசைவுக்கு லீஸ் என்ற கருத்தை கேரி கிரேயும் டேவிட் செரிட்டனும் முன்வைத்தது 1989-இல். உடனடிப் பயனைக் கேட்டே ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்குவோர் இந்த 24 ஆண்டு இடைவெளியை நினைவில் கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மூலத் தரவுத்தளம் மும்பையிலும் அதன் நகல் பெங்களூரிலும் இருந்தால் இன்னொரு சிக்கல் சேர்ந்துகொள்ளும். கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. செல்வதால், 800 கி.மீ.க்கு மேற்பட்ட இத்தூரத்தைக் கடக்கவே 4 மில்லிவினாடி ஆகும். நகல் எப்போதும் சற்றுப் பிந்தியே இருக்கும். ஆகவே எழுதுபவர் முதலில் உள்ளூர் கேஷில் 'இது மாறிக்கொண்டிருக்கிறது' என்ற அடையாளக் குறியை வைக்கிறார். அதைக் காணும் சர்வர் நகலை நம்பாமல் மும்பைக்கே சென்று படிக்கிறது. அந்தக் குறியும் கேஷில்தான் இருக்கிறது, இடநெருக்கடியில் அது வெளியேற்றப்படலாம். முகவரிக்கு அந்த அபாயத்தை ஏற்கலாம். பணம் எடுக்கும்போது வங்கி இருப்பை மூலத்திலிருந்தே சரிபார்க்க வேண்டும்.